‘யாரு பெத்தது’ மேடம்

இதை எழுதலாமா, வேண்டாமா என்று ஏழு வருஷமாக யோசித்துக்கொண்டிருந்தேன். காகிதத்தை எடுப்பேன், நாலு வரி எழுதுவேன், மடித்துப் பூஜை அலமாரியில் சொருகிவிடுவேன். பத்தாம் வகுப்போடு நின்றவன் கம்ப்யூட்டர் விஷயம் எழுதினால் படித்தவர்கள் சிரிப்பார்களே என்று ஒரு கூச்சம். அதைவிடப் பெரிய கூச்சம், இந்தக் கதைக்கு நடுவில் நான் செய்து வைத்த ஒரு காரியம். அதை மறைத்துவிட்டு அந்த மேடத்தைப் பற்றி எழுத முடியாது. போன மார்கழியில் பெருமாளைச் சேவித்துவிட்டு வெளியே வரும்போது, நல்லவர் ஒருவரைப் பற்றிச் சொல்வதற்கு வெட்கம் என்ன வேண்டிக்கிடக்கிறது என்று மனசு குத்தியது. அதனால் எழுதிவிடுகிறேன்.

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கிற எங்கள் ஸ்ரீரங்கத்திலும் சரி, பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற திருச்சியிலும் சரி, ஒரு மெஷினை இவ்வளவு மரியாதையாகவும் மனிதர்களை இவ்வளவு குறுக்கு விசாரணையோடும் நடத்திய பெண்மணி வேறு ஒருத்தர் இல்லை. இருந்தால் எனக்குக் கடுதாசி போடுங்கள். ஒன்றாம் நம்பர் பஸ் ஏறி வந்து பார்த்து, அவர் எங்கள் மேடம் கால் தூசிக்கு ஆக மாட்டார் என்று நிரூபித்துவிட்டுப் போகிறேன்.

நான் வேலை பார்த்தது தில்லைநகரில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில். ரிக்கார்டுகளை அடுக்குவது, தேடி எடுப்பது, கேட்கிற இடத்தில் டீ வாங்கிக் கொடுப்பது. மணப்பாறை, திருவெறும்பூர், துவாக்குடி மூன்று ஊரிலும் எங்களுக்குக் கிளை உண்டு. அங்கே ரத்தம் எடுத்து இங்கே அனுப்புவார்கள். நாங்கள் சோதித்து ரிப்போர்ட்டைக் கம்ப்யூட்டர் வழியாகத் திருப்பி அனுப்புவோம். அதெல்லாம் ஓடியது பின்னறையில் இருந்த ஒரு கறுப்புப் பெட்டியில். நோயாளிகளுக்கு ஃபேன், பெட்டிக்கு ஏ.சி.

அந்தப் பெட்டி யூனிக்ஸ் ஜாதி என்பார்கள். நம் வீட்டுக் கம்ப்யூட்டர் மாதிரி படமும் பொத்தானும் கிடையாது. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. நாம் ஒரு வரி அடித்தால் அது ஒரு வரி சொல்லும். அதை மேய்த்தவர்தான் மேடம். முப்பது வயசு இருக்கும். மணப்பாறையில் முறுக்குப் போடுகிற குடும்பம். தலையில் கனகாம்பரம், காலில் ஓட்டப்பந்தயக்காரர் ஷூ, வாயில் எந்நேரமும் ஒரே கேள்வி: “இது யாரு பெத்தது?”

அந்தப் பெட்டிக்குள் எப்போதும் நூறு, இருநூறு வேலைகள் நடந்துகொண்டிருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். பக்கத்திலேயே அதைப் பெற்றெடுத்த வேலையின் நம்பர். ஏனென்றால் அங்கே எதுவும் தானாகப் பிறக்காது. ஒரு வேலைதான் இன்னொரு வேலையைப் பெறும். மேடம் இரண்டு எழுத்து அடிப்பார். வம்சாவளி மொத்தமும் சரசரவென்று திரையில் இறங்கும். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, “நீ சரி... நீ சரி... ஏய், நீ யாரு? உன்னை யாரு பெத்தது?” என்று விசாரிப்பார். ஆபீஸில் அவருடைய சொந்தப் பெயரே மறந்துபோய்விட்டது.

பெட்டியோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மனிதர்களிடமும் அதே விசாரணைதான். ஒரு நாள் எலெக்ட்ரீஷியன் ஒருவர் ஏணியோடு வந்தார்.

“யாரு அனுப்பினா உங்களை?”

“கடையில சொன்னாங்க மேடம்.”

“கடைக்கு யாரு சொன்னா?”

“டாக்டர் போன் பண்ணாருங்க.”

“எந்த டாக்டர்? எங்க லேப்ல டாக்டர் பத்து மணிக்கு மேலதான் வருவாரு. போன் எப்ப வந்தது?”

“எட்டரைக்குங்க.”

“அப்ப நீங்க எங்க புள்ள இல்ல.”

விசாரித்ததில் அவர் பக்கத்துக் கட்டடத்துப் பல் டாக்டர் வீட்டுக்குப் போக வேண்டியவர். ஆனால் மேடம் கேட்பதற்கு முன்பே எங்கள் ஃபேன் மூன்றைக் கழற்றிக் கீழே வைத்திருந்தார். மாட்டிவிட்டுத்தான் போனார். மேடம் ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

வேலைகளை அவர் தரம் பிரிப்பதும் ஒரு அழகு. ஓடுவது ஒரு வகை. தூங்குவது ஒரு வகை. அது கூப்பிட்டால் எழுந்துவிடும். மூன்றாவது, எதற்காகவோ காத்துக்கொண்டு கல்லாகிப் போனது; இடி விழுந்தாலும் எழுந்திருக்காது. மேனேஜர் தன் வீட்டம்மாவுடன் போனில் பேசும்போது யாராவது கையெழுத்துக்குப் போனால், “போகாதீங்க, சார் மூணாவது நிலைமையில இருக்காரு” என்று தடுத்துவிடுவார்.

நாலாவது வகையைக் கேட்டு நான்தான் ஆடிப்போனேன்.

“இது செத்துப்போச்சு அண்ணே. ஆனா பேரு மட்டும் லிஸ்ட்ல நிக்கும்.”

“அதெப்படி மேடம்?”

“பெத்தது வந்து, ‘சரி, போயிட்டான்’னு ஒத்துக்கணும். அது வரைக்கும் பேரை எடுக்க முடியாது. செத்ததை நாம திரும்பவும் சாகடிக்கவும் முடியாது.”

“எங்க மாமா பேரு ரேஷன் கார்டுல நிக்கற மாதிரியா?”

“அதேதான். உங்க மாமாவைத் திட்டிப் பிரயோஜனம் இல்ல. உங்க அத்தையைப் போய்ப் பாருங்க.”

அன்றைக்கே இன்னொன்றும் கேட்டேன். “பெத்ததே முன்னாடி போயிட்டா, அந்தக் குழந்தைக்கு யாரு மேடம்?”

“ஒன்னாம் நம்பர் எடுத்துக்கும் அண்ணே. மெஷினைப் போட்டதும் மொதல்ல பொறக்கறது அதுதான். அநாதையா எது நின்னாலும் அதுகிட்ட போயிடும். கடைசியில கரையேத்தி விடறதும் அதுதான்.”

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அப்படியே கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

“அண்ணே, அது வெறும் புரோகிராம்!”

“நீங்க அப்படிச் சொல்லிக்குங்க மேடம். எனக்குத் தெரிஞ்சுபோச்சு.”

அவருக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. ஒளிக்கவும் மாட்டார், என்னைக் கிண்டல் செய்யவும் மாட்டார். அடங்காத வேலைக்கு முதலில் மரியாதையாக “முடிச்சுக்கோப்பா” என்று ஒரு வார்த்தை அனுப்புவார். ஒரு வாய் டீ குடிக்கும் நேரம் தருவார். அதற்கும் கேட்காவிட்டால்தான் ஒன்பது என்ற எண்ணைப் போட்டு அடிப்பார். அது பட்டால் மூச்சு விடக்கூட நேரம் இருக்காது. ஒரு ஏகாதசியன்று அவர் ஒன்பதில் விரலை வைத்தபோது நான் டீ டம்ளரோடு நின்றிருந்தேன்.

“மேடம், இன்னைக்கு வேண்டாமே. ஏகாதசி.”

என்னைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். “இது யாருக்கும் தொந்தரவு பண்ணல. நாளைக்குப் பாரணை முடிச்சுட்டு வந்து சொல்லுங்க, போடறேன்” என்றார். மறுநாள் நான் படியேறுவதற்குள், “அண்ணே, சாப்டாச்சா? அடிக்கலாமா?” என்று உள்ளிருந்து குரல் வந்தது.

எனக்கும் கொஞ்சம் சொல்லிக் கொடுத்தார். ஸ்கிரிப்ட் என்று ஒன்று உண்டு. கல்யாணச் சமையலுக்கு எழுதிக்கொடுக்கிற வரிசை மாதிரி, முதலில் இது, அப்புறம் அது என்று எழுதி வைத்துவிட்டால் மெஷின் ஒவ்வொரு வரியாகச் செய்துகொண்டே போகும். எதை எழுதினாலும் மேலே ‘ரங்கா துணை’ என்று போடுவது என் வழக்கம். நான் முதலில் எழுதிய ஸ்கிரிப்ட்டிலும் அப்படியே முதல் வரியாகப் போட்டேன். மனிதர் மட்டும் படிக்க வேண்டிய வரிக்கு முன்னால் ஒரு குறி போட்டால் மெஷின் தாண்டிப் போய்விடும் என்று சொல்லியிருந்தாரே, அந்தக் குறியும் போட்டேன். ஆனால் மெஷின் கன்னாபின்னாவென்று உளறியது.

மேடம் எட்டிப் பார்த்தார். “அண்ணே, இதை எந்த மொழியில படிக்கணும்னு மொதல் வரியிலதான் மெஷினுக்குச் சொல்லணும். பெருமாளே ஆனாலும் இங்க ரெண்டாவது வரிதான்.”

எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. முகத்தைப் பார்த்துவிட்டு, “முன்னாடி துவாரபாலகர் நிக்கறாருன்னு வெச்சுக்குங்களேன்” என்றார். நம்பிக்கையில்லாதவருக்கு எங்கிருந்து அந்த வார்த்தை வந்ததோ! இரண்டாவது வரியில் போட்டேன். ஸ்கிரிப்ட் ஓடியது. அன்றைக்கு வீட்டுக்குப் போய் என் சம்சாரத்திடம், “நான் எழுதி மெஷின் கேட்டுது” என்று நாலு தரம் சொன்னேன்.

இனி நான் செய்த காரியத்துக்கு வருகிறேன்.

கிளைகளுக்கு ரிப்போர்ட் அனுப்பும் ஸ்கிரிப்ட் தினமும் சாயங்காலம் தானாக ஓடும். வெள்ளிக்கிழமை மட்டும், வியாழனன்று தாமதமாக வந்த ரத்தங்களுக்காகக் காலையில் ஒரு தரம் கையால் ஓட்ட வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை மேடம் தங்கை கல்யாணத்துக்கு ஊருக்குப் போனார். மூன்று நாள் லீவு. “பத்தரைக்கு ஓட்டிடுங்கண்ணே. உங்களால முடியும்” என்று சொல்லிவிட்டுப் போனார். மேடமே ‘உங்களால முடியும்’ என்றது எனக்கு ஒரு பட்டம் வாங்கிய மாதிரி.

வெள்ளிக்கிழமை பத்தரை என்றால் ராகுகாலம் ஆரம்பம்.

நான் தனியாகச் செய்யப்போகும் முதல் காரியம். ராகுகாலத்தில் ஆரம்பிக்கவும் மனசு வரவில்லை. மேடம் சொன்ன நேரத்தைத் தாண்டவும் மனசு வரவில்லை. ஸ்கிரிப்ட்டைத் திறந்து பார்த்தேன். முதலில் ரிப்போர்ட்டுகளையெல்லாம் எடுத்து ஒரு தற்காலிக இடத்தில் சேர்க்கிறது. அடுத்து அங்கிருந்து அனுப்புகிறது. எனக்கு வழி பிறந்தது. ராகுகாலத்தில் கட்டுச்சாதம் கட்டலாம்; வாசல்படிதான் தாண்டக்கூடாது. சேர்ப்பதற்கும் அனுப்புவதற்கும் நடுவில், ‘இவ்வளவு நேரம் தூங்கு’ என்று ஒரு வரி சேர்த்தேன். என்ன எழுதினாலும் அதன் காரணத்தை மேலே எழுதி வைக்க வேண்டும் என்பது மேடம் உத்தரவு. அதனால், ‘ராகுகாலம் முடியட்டும்’ என்று தமிழிலேயே அதையும் எழுதினேன்.

ஒன்றரை மணி நேரத்தை விநாடியாக்கினால் ஐயாயிரத்து நானூறு. விரல் விட்டு மூன்று தரம் சரிபார்த்தேன். வெறும் எண் போட்டால் விநாடி. பக்கத்தில் நிமிஷத்துக்கான எழுத்தைச் சேர்த்தால் நிமிஷம் என்று, மேடம் சொல்லச் சொல்ல நான் எழுதி வைத்த நோட்டில் இரண்டு முறையும் இருந்தது. மெஷினுக்குச் சந்தேகம் வந்துவிடக்கூடாதே என்று நான் இரண்டையும் சேர்த்துப் போட்டேன். ஐயாயிரத்து நானூறு நிமிஷம். அது மூன்றே முக்கால் நாள் என்று எனக்கு உறைக்கவில்லை.

சரியாகப் பத்தரைக்குத் தட்டிவிட்டேன். மெஷின் ஒன்றும் சொல்லவில்லை. அது சத்தம் போடவில்லை என்றால் எல்லாம் நல்லபடியாக நடக்கிறது என்று அர்த்தம், இதுவும் மேடம் சொன்னதுதான். நான் அடித்துக்கொண்டிருந்த கறுப்புத் திரை ஜன்னலை மூடிவிட்டு நிம்மதியாகத் தயிர்சாதம் சாப்பிட்டேன்.

அந்த ஸ்கிரிப்ட் ஒன்று உள்ளே இருக்கும்போது இன்னொன்று நுழையக்கூடாது என்று மேடம் ஒரு ஏற்பாடு வைத்திருந்தார், பாத்ரூம் கதவில் துண்டைப் போடுகிற மாதிரி. என்னுடையது உள்ளே போய்த் துண்டைப் போட்டுவிட்டுத் தூங்கிவிட்டது. வெள்ளி சாயங்காலம் வந்தது, சனி வந்தது, ஞாயிறு வந்தது. எல்லாம் கதவைப் பார்த்துவிட்டுப் பேசாமல் திரும்பிப் போயின.

திங்கட்கிழமை காலை எட்டரைக்கு ஆபீஸே தீப்பிடித்த மாதிரி இருந்தது. மூன்று கிளையிலிருந்தும் போன். கவுண்ட்டரில் மணப்பாறையிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்த ஒரு மாட்டு வியாபாரி, தோளில் துண்டோடு.

“என் சம்சாரத்துக்கு வியாழக்கிழமை ரத்தம் குடுத்தது! ரிப்போர்ட் இல்லாம டாக்டர் மருந்து எழுத மாட்டேங்கறாரு. காய்ச்சல்ல கெடக்கா. மாட்டுக்குப் பல்லைப் பாத்தே அன்னைக்கே சொல்லிப்புடறோம், உங்களுக்கு நாலு நாளா?”

மேனேஜர் பின்னறைக்கு ஓடினார். நான் பின்னாலேயே போனேன். அப்போதுதான் வந்த மேடம் கைப்பையைக்கூட இறக்காமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன பார்த்துட்டு இருக்கே? ஆஃப் பண்ணி ஆன் பண்ணு!”

“முடியாது சார். நம்ம ஸ்கிரிப்ட் ஒன்னு உள்ள தூங்குது. வியாழக்கிழமை ரிப்போர்ட் நாப்பத்தொன்னும் தற்காலிக இடத்துல இருக்கு. ஆஃப் பண்ணா அந்த இடத்தை மெஷின் கழுவி விட்டுடும். நாப்பத்தொரு பேருக்கும் திரும்ப ஊசி குத்தணும்.”

“தூங்குதா? யாரு தூங்க வெச்சா?”

மேடம் அந்த இரண்டு எழுத்தை அடித்தார். தூக்கத்தைப் பெற்றது ஸ்கிரிப்ட். ஸ்கிரிப்ட்டைப் பெற்ற ஜன்னலை நான் மூடிவிட்டதால், அது ஒன்றாம் நம்பரிடம் போய்ச் சேர்ந்திருந்தது. ஆபீஸில் எல்லோரும் ஒரே பெயரில்தான் உள்ளே போவோம். பெயரை வைத்தும் கண்டுபிடிக்க முடியாது. மேடம் ஸ்கிரிப்ட்டைத் திறந்தார். நான் அவர் தோளுக்குப் பின்னால்தான் நின்றிருந்தேன். ‘ராகுகாலம் முடியட்டும்’ என்று அது பளிச்சென்று நின்றது.

மேடம் அதைப் படித்தார். மேனேஜர் குனிந்து பார்ப்பதற்குள் ஒரு தட்டில் திரையைத் துடைத்துவிட்டார்.

“யாரு பண்ணது?”

“மெஷின் என் பொறுப்பு சார். என்னைக் கேளுங்க.”

“நீ லீவுல இருந்தே. வேற யாரோ பண்ணியிருக்காங்க. பேரைச் சொல்லு.”

“என் பொறுப்புன்னு சொன்னேன் சார்.”

“பேரைச் சொல்லலேன்னா நாளையிலேருந்து நீ வர வேண்டாம். புரியுதா?”

நாள் முழுக்க ‘யாரு பெத்தது, யாரு பெத்தது’ என்று கேட்கிற வாய், பதில் தெரிந்த பிறகு திறக்கவே இல்லை. அவர் அப்பாவுக்கு அடுப்புச் சூட்டில் கண் போய்விட்டிருந்தது. வீட்டில் சம்பாதிப்பவர் இவர் ஒருவர்தான். அது எனக்குத் தெரியும். மேனேஜருக்கும் தெரியும். மேடம் பையை எடுத்துத் தோளில் சரியாக மாட்டிக்கொண்டார்.

ரங்கா, வாயைத் திறந்துவிடு என்று வேண்டிக்கொண்டேன்.

“சார், அது நான் பெத்தது.”

“என்னது?”

“அந்தத் தூக்கம் சார். நான்தான் எழுதினேன்.”

“நீயா! எதுக்கு?”

“ராகுகாலம் சார்.”

கவுண்ட்டரிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த மாட்டு வியாபாரிதான் பேசினார்: “அது நியாயம்தானே? வெள்ளிக்கிழமை பத்தரைக்கு நான் மாட்டுக் கயித்தைக் கை மாத்த மாட்டேன்.”

மேனேஜரால் அதற்குமேல் என்ன சொல்ல முடியும்? அவர் அறை வாசலிலேயே எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்குகிறது. “சரி பண்ணித் தொலைங்க” என்றார்.

“ஸ்கிரிப்ட்டைக் கொல்ல வேண்டாம் அண்ணே” என்று மேடம் என்னிடம் மெதுவாகச் சொன்னார். “தூக்கத்தை மட்டும் கொன்னா போதும். அது தானா எழுந்து அடுத்த வரிக்குப் போயிடும்.” தூக்கத்தின் நம்பரை அடித்தார். கடைசித் தட்டுக்கு முன்னால் விரல் நின்றது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

“இன்னைக்கு எத்தனை மணி வரைக்கும்?”

திங்கட்கிழமை ராகுகாலத்தைக் கேட்கிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. “ஒம்போது வரைக்கும்மா.” அப்போது ஒன்பதாக ஐந்து நிமிஷம்.

“இன்னும் என்ன?” என்றார் மேனேஜர்.

“எதுக்கும் ரிப்போர்ட்டையெல்லாம் ஒரு காப்பி எடுத்துக்கறேன் சார். அஞ்சு நிமிஷம் ஆகும்.”

முள் ஒன்பதைத் தொட்டது. “நீங்களே தட்டுங்கண்ணே, உங்க புள்ளதானே” என்று நாற்காலியை என் பக்கம் தள்ளினார். தட்டினேன். மெஷின் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நிமிஷத்தில் மாட்டு வியாபாரியின் போன் அடித்தது. ரிப்போர்ட் வந்துவிட்டதாம், டாக்டர் மருந்து எழுதிக்கொண்டிருக்கிறாராம். அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். மேடம் என் வரியை அழித்துவிட்டு மற்ற நாட்களின் ரிப்போர்ட்டுகளையும் அனுப்பினார். மேனேஜர் போகும்போது, “நாளைக்கு நேரத்தோட வாம்மா” என்று மட்டும் சொன்னார். அதுதான் அவர் மன்னிப்புக் கேட்கிற விதம்.

இரண்டு வருஷம் கழித்து மேடம் ஓசூர்ப் பக்கம் பெரிய வேலைக்குப் போனார். போகும் முன்பு காப்பி எடுக்கும் வேலையை என்னிடம் ஒப்படைத்தார். முதல் நாள் நானே செய்தேன். நாற்பது அல்ல, நானூறு ரிப்போர்ட். தட்டினேன், முடிந்துவிட்டது. கண்ணை இமைத்துத் திறக்கும் நேரம்கூட ஆகவில்லை. அந்த ஐந்து நிமிஷம் காப்பிக்காக இல்லை என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து வெகுநேரம் அழுதேன்.

இதைப் படிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். ஆனால் நடந்ததை நடந்தபடியே சொல்லுங்கள். ஐந்து நிமிஷத்தைப் பத்தாக்க வேண்டாம்; என் தப்பைக் குறைக்கவும் வேண்டாம். மேடத்துக்கு அன்றைக்குப் பக்தி வந்துவிட்டது என்று அழகுக்காக ஒரு வரி சேர்த்துவிடாதீர்கள். அப்படி ஒன்றும் வரவில்லை. நம்பாத ஒருத்தர், நம்புகிற ஒருத்தனுக்காக, வேலை போகிற நேரத்திலும் ஐந்து நிமிஷம் விரலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.